மிக்ஸட் மீடியா: ஒட்டிவிட்டால் ஆயிற்றா?

கைவினைப் பொருள் கடைகளில் ‘மிக்ஸட் மீடியா கிட்’ என்று ஒரு பெட்டி கிடைக்கிறது. உள்ளே அக்ரிலிக் வண்ணம், ஒரு முழம் சரிகை, நாலைந்து பொத்தான், பழசு போல அச்சடித்த தபால்தலைகள், ஒரு பசைக் குப்பி. பள்ளிக் கண்காட்சியில் தெர்மோகோல் மீது மணலும் கிளிஞ்சலும் ஒட்டினாலும் அதே பெயர்தான். இன்னொரு பக்கம், ஓவியக் கூடங்களுக்குப் போனால் கலைஞரைப் பற்றிய அறிமுக அட்டையில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘நினைவு, கனவு, வீடு ஆகியவற்றை மிக்ஸட் மீடியாவில் தேடுபவர்.’ படித்துப் படித்து இந்த வரி தேய்ந்தே போய்விட்டது.

ஆனால் அந்த மூன்று சொற்களும் இந்தக் கலைமுறையும் சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. நிலக்காட்சி வரைகிறவருக்கு நீர்வண்ணம் தோதாக இருப்பதைப்போல, நினைவைத் தொட நினைப்பவருக்கு இது தோதாக இருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

## பெயர்க் குழப்பம் முதலில்

ஒரு கலைப்படைப்பு எதனால் ஆனதோ அது அதன் ஊடகம். கித்தான் மேல் எண்ணெய் வண்ணம், வெண்கலம், கருங்கல் என்று படைப்புக்குப் பக்கத்துச் சீட்டில் எழுதியிருப்பார்களே, அதுதான். ஒரே படைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊடகங்கள் கலந்தால் அது மிக்ஸட் மீடியா, கலப்பு ஊடகம். வீடியோ, ஒலி, கணினி எல்லாம் சேர்கிற மல்டிமீடியா வேறு சமாச்சாரம். அதை இங்கே விட்டுவிடலாம்.

இந்த அகராதி விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தஞ்சாவூர் ஓவியமும் மிக்ஸட் மீடியாதான். பலகை மேல் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த மக்கால் மேடு கட்டி, தங்க ரேக்கு பதித்து, கற்கள் வைத்து, பிறகு வண்ணம் தீட்டுகிறார்கள். எத்தனை பொருள்! ஆனாலும் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. அது சரியும்கூட. கிருஷ்ணன் கழுத்தில் பதித்த கல் அங்கே ஆரமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கல் இதற்குமுன் எங்கே இருந்தது, யாருடையது என்பது படத்துக்குத் தேவையே இல்லை. ஒரு கல் விழுந்தால் அதே நிறத்தில் வேறொன்றை ஒட்டிவிடலாம்; ஓவியத்துக்கு எதுவும் ஆகாது.

சுருக்கமாக: எத்தனை பொருள் கலந்திருக்கிறது என்பது கணக்கே இல்லை. பொருள் தன்னுடைய பழைய வாழ்க்கையோடு படைப்புக்குள் வந்திருக்கிறதா என்பதே கேள்வி.

## தாத்தாவின் மூக்குக்கண்ணாடி

இறந்துபோன தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை ஒருவர் அழகாக வரைந்து தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை தேர்ந்த ஓவியர். கண்ணாடியில் விழும் வெளிச்சம் உட்பட எல்லாம் அச்சு அசல். ‘அடடா’ என்போம். இப்போது பீரோவைத் திறந்து, ஒரு பக்கக் காது உடைந்து கறுப்பு நூலால் கட்டிய அந்தக் கண்ணாடியையே எடுத்து மேசை மேல் வையுங்கள். வீட்டில் யாரும் அடடா என்று சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் எதுவுமே பேச மாட்டார்கள்.

படம் கண்ணாடியைப் *பற்றியது*. பொருளோ கண்ணாடியேதான். அந்த நூலைக் கட்டியது அவருடைய விரல். படம் ஒன்றைக் காட்டுகிறது. பொருள் சாட்சி சொல்கிறது. இந்தச் சாட்சியத்தைத்தான் மிக்ஸட் மீடியா கலைஞர்கள் படைப்புக்குள் இழுத்து வருகிறார்கள்.

இதைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். பொருளை எடுத்துவிட்டு, அதே மாதிரி புதிதாக ஒன்றை வைத்தால் ஏதாவது குறையுமா? பொருளுக்குப் பதில் அதன் படத்தை வைத்தால் ஏதாவது குறையுமா? இரண்டுக்கும் ‘குறையாது’ என்று பதில் வந்தால் அது அலங்காரம். மோசம் என்று சொல்ல வரவில்லை, அலங்காரம், அவ்வளவுதான்.

## 1912-இல் ஒரு கயிறு

ஐரோப்பிய ஓவியத்தில் இந்தக் கதவைத் திறந்தவர்களில் பாப்லோ பிக்காஸோ முக்கியமானவர். 1912-இல் பிரம்பு நாற்காலியோடு கூடிய ஒரு மேசைக் காட்சியைச் செய்தார். பிரம்புப் பின்னலை அவர் வரையவில்லை. பின்னல் அச்சடித்த மேசை விரிப்புத் துணியை வெட்டி ஒட்டினார். சுற்றிலும் சட்டத்துக்குப் பதில் நிஜக் கயிறு. கவனித்தீர்களா, துணி நிஜம், ஆனால் அதிலிருக்கும் பிரம்பு அச்சு. நிஜத்தையும் பொய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணடிக்கிற வேலை.

காகிதம், துணி போன்ற தட்டையானவற்றை வெட்டி ஒட்டும் இந்த முறைக்குக் கொலாஜ் என்று பெயர், தமிழில் ஒட்டோவியம். அதுவே பெட்டி, மரத்துண்டு, பொம்மை என்று எழும்பி நின்றால் அசெம்பிளேஜ், அதாவது பொருட்கோவை. ஓர் அறையையே படைப்பாக்கி, பார்ப்பவர் உள்ளே நடந்து போகும்படி செய்தால் இன்ஸ்டலேஷன், நிறுவல் கலை. இந்த மூன்று பெயர்களும் தெரிந்தால் கண்காட்சியில் சமாளித்துவிடலாம்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் குர்ட் ஷ்விட்டர்ஸ் இந்த மூன்றையும் ஒரே வாழ்க்கையில் செய்து பார்த்தார். முதலில் டிராம் டிக்கெட், பொட்டலக் காகிதம் எல்லாவற்றையும் ஒட்டோவியம் ஆக்கினார். 1920-களில் தான் குடியிருந்த வீட்டின் அறைகளுக்குள்ளேயே தூணும் குகையுமாகக் கட்ட ஆரம்பித்தார். நண்பர்களின் சில்லறைப் பொருள்களைக்கூட அதன் பொந்துகளில் வைத்தார். 1937-இல் நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேக்குப் போனார். 1943-இல் நேச நாட்டு விமானக் குண்டுவீச்சில் அந்த வீடு அழிந்தது. வீட்டையே படைப்பாக்கினால் வீட்டுக்கு நேர்வது படைப்புக்கும் நேரும்.

## நினைவு பெட்டிக்குள் பத்திரமாக இல்லை

நினைவு என்பது மூளையில் அடுக்கி வைத்த போட்டோ ஆல்பம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னார். கதையின் கனூ (ஒடுக்கமான துடுப்புப் படகு) அவர்கள் வாயில் சாதாரணப் படகாயிற்று. சீல் என்ற கடல்விலங்கின் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழகிய உலகத்தைக் கொண்டு ஓட்டைகளை அடைத்துக்கொண்டார்கள். நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது.

கட்டுவதற்கு ஒரு பிடி வேண்டும். ஒரு வாசனை, ஒரு சத்தம், கையில் அகப்பட்ட ஒரு பொருள். இதை நினைவுத் தூண்டி என்கிறார்கள். ஒரு துண்டு கிடைத்தால் மிச்சத்தை மனம் நிரப்பிக்கொள்ளும். ஆக நினைவு வேலை செய்யும் முறையே துண்டுகளை ஒட்டுவதுதான். மிக்ஸட் மீடியா அதே வேலையைக் கண்ணெதிரே மேசை மேல் செய்கிறது. இரண்டும் பொருந்திப் போவது இதனால்தான்.

## வீட்டை விட்டுப் போகாத மனிதர்

இதற்கு நான் கொடுக்கும் முதல் உதாரணம் ஜோசப் கார்னெல். 1903-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ஓவியப் பள்ளிக்குப் போனதில்லை. 1917-இல் அப்பா இறந்த பிறகு குடும்பப் பாரம் இவர் தலையில் விழ, துணி வியாபாரத்தில் விற்பனை வேலை பார்த்தார். 1929-இலிருந்து நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், யுடோபியா பார்க்வே என்ற தெருவில் ஒரு சின்ன மரவீட்டில் அம்மாவோடும், பெருமூளை வாதத்தால் நடமாட முடியாத தம்பி ராபர்ட்டோடும் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்காவைத் தாண்டிப் போனதே இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறை மேசையிலும், பிற்பாடு நிலவறையிலும் உட்கார்ந்து, கண்ணாடி முகப்பு வைத்த மரப்பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தார். உள்ளே போகாத ஊர்களின் வரைபடம், பார்க்காத பாரீஸ் ஓட்டல்களின் விளம்பரத் துண்டு, பறவைப் படங்கள், சோப்புக் குமிழி ஊதும் களிமண் குழாய்கள், ஒயின் கோப்பை.

ஒரு பெட்டியை மட்டும் திறந்து பார்ப்போம். 1940-இல் செய்தது, இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் ‘டாலியோனியின் நகைப்பெட்டி’. உள்ளே வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டி. அகலம் ஓர் அடி போல. வரிசை வரிசையான பள்ளங்களில் கண்ணாடிக் கட்டிகள், பார்க்கப் பனிக்கட்டி மாதிரி. மூடியின் உட்புறம் ஒரு கண்ணாடி மணிமாலை தொங்குகிறது. அங்கேயே ஒரு கதையும் எழுதியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பாலே நடனக்காரி மரி டாலியோனி. 1835-இன் ஒரு குளிர்கால நிலவிரவில், ரஷ்ய வழிப்பறிக்காரன் ஒருவன் அவருடைய வண்டியை மறிக்கிறான். பனிமேல் சிறுத்தைத் தோலை விரித்து, தனக்காக மட்டும் ஆடச் சொல்கிறான். அந்த இரவை மறக்காமலிருக்க அவர் நகைப்பெட்டிக்குள் செயற்கைப் பனிக்கட்டி ஒன்றை வைத்துக்கொள்வாராம்.

நடந்ததோ இல்லையோ, கதை இது. இதில் கார்னெல் செய்த வேலை என்ன? பனிக்கட்டி உருகும், கண்ணாடி உருகாது. உருகிப் போக வேண்டியதை உருகாமல் நிறுத்திவிட்டார். அதே நேரம், அது பனிக்கட்டி இல்லை என்பதும் பார்ப்பவருக்குத் தெரிகிறது. நினைவின் நிலையும் இதுதானே: நிற்கிறது, ஆனால் அசல் இல்லை. இதை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருந்தால் பனிக்கட்டி போல ஒரு படம் கிடைத்திருக்கும். அந்தக் கண்ணாடியின் ஜில்லிப்பு கிடைத்திருக்காது.

இங்கே ஒரு சிக்கலை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் முதல் கேள்வியில் கார்னெல் பெரும்பாலும் தோற்றுவிடுவார். அவருடைய பொருள்களில் பெரும்பாலானவை பரம்பரைச் சொத்து அல்ல. மலிவுச் சரக்குக் கடையிலும் பழைய புத்தகக் கடையிலும் வாங்கியவை. அதற்கும் மேலே, பெட்டி பழசாகத் தெரிய வேண்டும் என்று பூச்சின் மேல் பூச்சு அடித்தார், முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் போட்டார், சமையலறை ஓவனில் வைத்துச் சூடாக்கி வெடிப்பு வரவழைத்தார். அப்படியானால் மோசடியா? இல்லை என்பது என் கட்சி. வாங்கிய நினைவுக்கு அவர் வயது ஏற்றினார். தான் போகாத ஊருக்கு ஏங்குகிறவனுக்கு வேறு வழி ஏது? இரண்டாவது கேள்வியில் மட்டும் அவர் தேறுகிறார்: பொருளுக்குப் பதில் படம் வைத்தால் பெட்டி செத்துவிடும்.

ஒரே இடத்தில் முதல் கேள்வியிலும் முழுதாகத் தேறுகிறார். 1965-இல் ராபர்ட் இறந்தார். அதன் பிறகு கார்னெல் செய்த சில ஒட்டோவியங்களில் தம்பி வரைந்த விலங்குப் படங்களையே சேர்த்தார். அவற்றை வேறு யாராலும் புதிதாகத் தர முடியாது.

இதுவரை பார்த்தது: பொருள் இரண்டு விதமாக நினைவைச் சுமக்கலாம். உண்மையிலேயே ஒருவர் கைபட்ட பொருளாக இருக்கலாம். அல்லது, தன் எடையாலும் குளிர்ச்சியாலும் தேய்மானத்தாலும் மனத்தைத் தூண்டிவிடும் பொருளாக இருக்கலாம்.

## கனவில் ‘ஆகையால்’ கிடையாது

கனவைப் பற்றிச் சிக்மண்ட் ஃபிராய்ட் 1900-இல் சொன்னவற்றில் பலவற்றை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. இரண்டு அவதானிப்புகள் மட்டும் கலையைப் பார்க்க இன்றும் உதவும். ஒன்று, செறிவு: பல ஆட்களும் பல இடங்களும் ஒன்றாகக் குவிவது. கனவில் வந்தவர் முகம் அத்தையுடையது, குரல் கணக்கு வாத்தியாருடையது, ஆனாலும் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. இரண்டு, கனவுக்கு ‘ஏனென்றால்’, ‘ஆகையால்’, ‘ஆனால்’ தெரியாது. தொடர்புள்ளவற்றை அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடும், அவ்வளவுதான்.

கார்னெலின் 1942-ஆம் ஆண்டுப் பெட்டி ஒன்றை இந்தக் கண்ணோடு பாருங்கள். காசு போட்டால் மிட்டாய் தரும் இயந்திரம் போன்ற அமைப்பு. நடுவே 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பிரபு வீட்டுப் பையன் ஒருவனின் ஓவியப் பிரதி. சோஃபோனிஸ்பா அங்கிஸ்ஸோலா என்ற பெண் ஓவியர் வரைந்த படம் அது. பையன் முகத்துக்குக் குறுக்கே துப்பாக்கிக் குறி மாதிரி கோடுகள். சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள், கோலிக்குண்டு, திசைகாட்டி, ரோம் நகரத்தின் பழைய குன்று ஒன்றின் வரைபடத் துண்டுகள். அரண்மனைப் பையனுக்கும் மிட்டாய் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? எழுதிக் காட்டச் சொன்னால் முடியாது. பெட்டி எழுதிக் காட்டவும் இல்லை. பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தொடர்பை நாம்தான் போட்டுக்கொள்கிறோம். ஒட்டுக்கலைக்கு இணைப்புச் சொல் இல்லாததே இங்கே பலமாகிவிடுகிறது.

## திரும்ப முடியாத வீடு

கார்னெல் வீட்டை விட்டு நகராதவர். நேர் எதிர் நிலையிலிருந்து ஒரு படைப்பைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். தா. சனாதனன் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கலைஞர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். இலங்கையின் வடக்கில் 1990 அக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 அக்டோபரில் யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் கிளம்பி நடந்தார்கள். போர் நெடுகிலும் இப்படிப் பல இடப்பெயர்வுகள். வீடு விட்டுப்போனவர்களிடம் சனாதனன் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள்.

2011-இல் அது அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் ஒரு கலை நூலாக வெளிவந்தது. தலைப்பில் ‘முடிவுறாத தோம்பு’ என்று பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக் காணிப் பதிவேடு, அதாவது நிலப் பதிவேடு. எண்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டுக்காரர் கையால் வரைந்த தரைப்படம். அதையே கட்டடக் கலைஞர் அளவுகோல் வைத்து ஒழுங்காக வரைந்த படம். அந்த நினைவுக்குச் சனாதனன் பாஸ்டல் சுண்ணத்தில் போட்ட ஓவியம்.

முதல் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டடக் கலைஞரின் படத்தில் கோடுகள் நேர், மூலைகள் செங்கோணம், எல்லாம் சரி. ஆனால் காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) விட்டுவிட்டு ஓடிவந்த ஒருவர் நடுங்கிய கையால் போட்ட கோட்டில் இருந்த ஏதோ ஒன்று அதில் இல்லை. யாழ்ப்பாணத்து வீடு என்றால் விறாந்தை, குசினி (சமையலறை), கிணற்றடி, வேலி என்று ஒரு வரிசை உண்டு. நினைவிலிருந்து வரைகிறவர் கை அவற்றுக்கு நீள அகல அளவில் இடம் ஒதுக்காது, பழகின அளவில் ஒதுக்கும். ‘அச்சு அசல் புதிதாக ஒன்றை வைத்தால் ஏதாவது குறையுமா’ என்று கேட்டோமே, இந்தக் கோப்பு அந்தக் கேள்விக்குரிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே காட்டிவிடுகிறது. இதில் ஓட்டுத் துண்டோ கதவுப் பிடியோ எதுவும் ஒட்டப்படவில்லை. கைக்கோடுதான் இங்கே பொருள். அரசு அலுவலகத்துக் கோப்பின் உருவமும் இன்னொரு பொருள். அது பதிவேடு மாதிரி இருக்கிறது, ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாததைப் பதிகிறது.

வீட்டைப் பற்றிச் செய்வதெல்லாம் மிக்ஸட் மீடியா என்றும் எண்ணிவிட வேண்டாம். அலிகாரில் 1937-இல் பிறந்து பல நாடுகளில் வாழ்ந்த ஜரீனா என்ற கலைஞர் 1999-இல் ‘வீடு ஓர் அந்நிய இடம்’ என்று 36 படங்கள் கொண்ட வரிசை செய்தார். வாசல், முற்றம், எல்லை என்று ஒவ்வொன்றும் சில கோடுகள், கூடவே ஓர் உருதுச் சொல். முழுக்க மரச்செதுக்கு அச்சு. வீடிழந்த ஏக்கத்தை அதைவிடக் கூர்மையாகச் சொன்ன படைப்புகள் குறைவு.

## பார்க்கப் போகும்போது

சீட்டைப் படியுங்கள். வெறுமனே ‘மிக்ஸட் மீடியா’ என்று போட்டிருந்தால் அது அருங்காட்சியகத்தின் சோம்பல். ‘மரம், வெல்வெட், கண்ணாடி, நகைத் துண்டுகள்’ என்று வரிசையாக எழுதியிருந்தால் பார்வை சட்டென்று கூர்மையாகும்.

கார்னெலின் சில பெட்டிகளைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே மணல் ஓடும், உருண்டை உருளும். இன்று அவை கண்ணாடிக் கூண்டுக்குள். விலை ஏறிவிட்டது, பசையும் காகிதமும் நைந்துவிட்டன, வேறு வழியில்லை. 1972-இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, நியூயார்க் கூப்பர் யூனியன் கல்லூரியில் அவர் குழந்தைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார். பெட்டிகள் குழந்தைகளின் கண்மட்டத்தில் தொங்கின. திறப்பு விழாவுக்கு கேக்கும் குளிர்பானமும் கொடுத்தார்கள்.

கடைசியாக எல்லோரும் கேட்கும் கேள்வி: கதை தெரியாமல் பார்த்தால் புரியுமா? பாதி புரியும். டாலியோனியின் கதையை அறியாதவர்க்கும் கண்ணாடிக் கட்டிகள் குளிரும். ஆனால் சனாதனனின் கோப்பு நூலை இடப்பெயர்வு பற்றி எதுவும் அறியாமல் புரட்டினால் அது வெறும் வரைபடத் தொகுப்பாகத்தான் இருக்கும். ஆகவே முதல் சுற்றில் எதையும் படிக்காமல் பாருங்கள். எந்தப் பொருள் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் சீட்டைப் படியுங்கள். ‘நினைவு, கனவு, வீடு’ என்ற அட்டையை மூன்றாவதாகப் படித்தால் போதும், படிக்காமலும் விடலாம்.